மாமா அனுப்பிய வீடியோவும் நாலு அடகுச் சீட்டும்

கேள்வி (சுருக்கமாக): கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் 46,000 வருகிறது. என் தம்பி பெயின்டர். மூன்று வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. சக்கர நாற்காலிதான். துபாயில் இருக்கும் தாய்மாமா, காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற ரோபோ வீடியோ ஒன்றை அனுப்பினார். ஏஜென்ட் மூலம் 35 லட்சத்தில் வரவழைக்கலாம், அம்மா பேரில் இருக்கும் வீட்டை வைத்துக் கடன் வாங்கு, பாதித் தவணை நான் தருகிறேன் என்கிறார். யோசிக்கிறேன் என்றால், ‘பணம் பெருசா, தம்பி பெருசா’ என்று கேட்கிறார். ஏற்கெனவே ஸ்டெம் செல் ஊசி, கேரள வைத்தியம் என்று 22 பவுன் அடகில், 8 லட்சம் கடன். பர்சனல் லோன் தவணை 9,500. தம்பி, ‘எனக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி வண்டி இருந்தா போதும்ணா, டவுன்ல செல்போன் ரிப்பேர் கடை போட்டுக்கறேன்’ என்கிறான். 11 சதவீத வட்டிக்கு வீட்டின் மேல் கடன் வாங்கலாமா? மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கான 80டிடி வரிக்கழிவு கிடைக்குமா?

பதில்: வரியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். புதிய வரி முறையில் 80டிடி கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு அந்த முறையில் வரியே வராது. அதனால் அதை மறந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ரோபோ இப்போது வந்தது. உங்கள் நோய் மூன்று வருடமாக இருக்கிறது. ‘நடக்க வைக்கிறோம்’ என்று யார் வந்து சொன்னாலும் அடகுக் கடைக்குப் போகிறீர்கள். முதலில் 4.5 லட்சம்தான் வாங்கினீர்கள். வருடம் முடிந்ததும் வட்டியைக்கூடக் கட்டாமல் சீட்டை மாற்றி எழுதினீர்கள். தங்கம் ஏற ஏற, அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்கினீர்கள். இப்போது அது 8 லட்சம். ‘இன்னும் கூடத் தருகிறோம் என்று கடைக்காரர் போன் செய்கிறார்’ என்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் பயமாக இருந்தது. 12 சதவீதம் என்றால் மாதம் 8,000 வட்டி. வருடத்துக்கு 96,000. இந்த 96,000-ஐ நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

மாமாவின் கணக்கைப் பார்ப்போம். 35 லட்சம், 11 சதவீதம், 10 வருடம். தவணை ஏறக்குறைய 48,000. உங்கள் சம்பளத்தைவிட 2,000 அதிகம். கட்டி முடிக்கும்போது 58 லட்சம் போயிருக்கும். மாமா சொன்னபடி பாதி தந்தாலும் உங்கள் பங்கு 24,000. நகை வட்டி 8,000, பர்சனல் லோன் 9,500 போக மிச்சம் 4,500. அதில்தான் அரிசி, பருப்பு, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ், தம்பியின் சிறுநீர்க் குழாய், மருந்து எல்லாம். மாமாவுக்கு ஒரு வருடம் வேலை இல்லாமல் போனால் வங்கி தேடி வருவது உங்கள் அம்மாவின் வீட்டுக்கு. தம்பிக்காக வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறீர்களே, அதே வீடு.

சரி, அந்த 35 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரீவாக் என்ற கருவியை வீட்டில் வைத்துப் பயன்படுத்த 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் இருக்கும். உடம்பை முன்னால் சாய்த்தால் கால் எடுத்து வைக்கும். எழுந்து நின்று எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உட்கார்ந்தே இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கும். அதாவது, நடக்கும்போது ஒரு பால் பாக்கெட்டைக்கூடக் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கிற நிபந்தனை. பகலில் நீங்கள் ஆபீஸில், அம்மாவுக்கு 63 வயது. யார் கூட நடப்பது? மூன்று வருடம் நிற்காத காலில் எலும்பு மெலிந்திருக்கும். அதைச் சோதிக்காமல் எந்த நல்ல மருத்துவரும் நிற்க வைக்கமாட்டார். உங்கள் ஏஜென்ட் அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா?

விலையும் இடிக்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2024-ல் இப்படி ஒரு கருவிக்கு நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர். நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல். அதில் பாதி விலைக்கும் குறைவாக ஒருவர் தருகிறார் என்றால், பழையதா, வேறு ஏதாவதா, ரிப்பேருக்கு யார் வருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே 2024-ல் அமெரிக்காவில் குதிரைப் பந்தய வீரராக இருந்த ஒருவரின் கருவி, ஒரு சின்ன பேட்டரி வயர் இணைப்பு விட்டதால் நின்றுபோனது. ஐந்து வருடத்துக்கு மேலான கருவியைப் பழுதுபார்க்க மாட்டோம் என்றார்கள். விஷயம் செய்தியாகிப் பரவிய பிறகுதான் சரிசெய்து கொடுத்தார்கள். அங்கேயே அப்படி என்றால், கரூரில் நின்றுபோனால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? தவணை மட்டும் நிற்காது.

நடைப் பயிற்சி ரோபோவில் ஏறிப் பார்க்கத் தம்பிக்கே ஆசை இருந்தால், அதை மருத்துவமனையில் பார்க்கட்டும். திருவனந்தபுரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் செய்யும் ஜி-கெய்ட்டர் போன்றவை மருத்துவமனையில் வைத்துப் பயிற்சி தருவதற்கானவை. அதற்கு முன் ஒருமுறை வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உங்கள் தம்பிக்கு எது உதவும், எது உதவாது என்று விற்பனைக் கமிஷன் இல்லாமல் சொல்லக்கூடிய இடம் அது.

இனி நகை. நாலு சீட்டு, ஒவ்வொன்றும் 2 லட்சம். விற்றுத்தான் அடைக்க வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சேதாரம் கழித்துப் பவுனுக்கு 90,000 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் 2 லட்சம் டெபாசிட்டை எடுத்து முதல் சீட்டை மீட்டு, அதில் 5 பவுனை விற்றால் 4.5 லட்சம். அதில் அடுத்த இரண்டு சீட்டு மீளும், 50,000 மிச்சம். இன்னும் 4 பவுன் விற்றால் 3.6 லட்சம். கடைசிச் சீட்டும் முடிந்து, 2.1 லட்சம் அம்மாவின் கணக்குக்கே திரும்பிவிடும். 13 பவுன் வீட்டுக்கு வரும். ‘மனைவியின் நகையும் அதில் உண்டு’ என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் ஒரு குண்டுமணியும் விற்காதீர்கள். அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று வருபவர்களிடம் போனால் விலையில் அடித்துவிடுவார்கள். டெபாசிட் இருக்கும்போது அவர்கள் தேவையில்லை.

இப்போது அந்த 96,000. சென்னை ஐஐடியிலிருந்து வந்த நியோமோஷன் நிறுவனம், ஆளின் அளவுக்கேற்ற சக்கர நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டி ஸ்கூட்டர் போல ஓட்டும் நியோபோல்ட்டையும் செய்கிறது. அறிமுகமான சமயத்தில் இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் இருந்தது. இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி கேட்டது ஏறக்குறைய இதைத்தான். அடகுக் கடைக்குப் போகும் ஒரு வருட வட்டியில் அவன் டவுனுக்குப் போய்விடலாம். அதற்கு முன் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மின்கலன் சக்கர நாற்காலிக்கு மனு கொடுங்கள். மாதம் 2,000 உதவித்தொகை வாங்கும்போதே அதையும் கேட்டிருக்கலாம்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். அவருக்கும் தங்கை மகன் மேல் பாசம்தான். ‘பாதித் தவணை வேண்டாம் மாமா, இவன் கடைக்கு ஆறு மாத வாடகை கொடுங்கள்’ என்று கேளுங்கள். அந்தப் போனைத் தம்பியே பேசட்டும். நாலு பக்கக் கடிதத்தில் அவன் பேசியது ஒரே ஒரு வரி.

கடைசியாக, நீங்கள் இணைத்திருந்த போட்டோ. தம்பி உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் மெத்தைக்குப் பதில் ஒரு போர்வையை மடித்துப் போட்டிருக்கிறீர்கள். கால் வைக்கும் பலகை ஒரு பக்கம் கயிற்றால் கட்டியிருக்கிறது. போன ஐப்பசியில் படுக்கைப் புண்ணுக்கு 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து 1.3 லட்சம் செலவானதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காற்று மெத்தை சில ஆயிரத்தில் கிடைக்கும். அடகுக் கடைக்குப் போவதற்கு முன், இந்த வாரமே அதை வாங்கிப் போடுங்கள். ராத்திரி படுக்கும்போது ஒரு கைக்கண்ணாடியை வைத்துத் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.