நிற்கத்தானே வேண்டும்

கேள்வி: எனக்கு 29 வயது, கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். சிங்கப்பூரில் எம்.பி.ஏ. படிக்க விருப்பம். இரண்டு வாரம் லீவு போட்டுப் படித்து, அதற்கு அனுமதி கேட்கத் தேவையான ஜிமேட் சோதனையை எழுதினேன், 615 வந்தது. கணக்குப் பகுதியான குவாண்ட் 84, மொழிப் பகுதியான வேர்பல் 83, தரவு வாசிக்கிற டேட்டா இன்சைட்ஸ் 75. வீட்டில் செய்த மாதிரிச் சோதனைகளில் 655 வரை எடுத்தேன். விண்ணப்பம் ஜனவரியில் முடிகிறது. திரும்ப எழுதுவதா, இதையே அனுப்புவதா? வீட்டில் படிக்க இடைஞ்சல் ஒன்றும் இல்லை. அப்பாவை வாரம் இரண்டு நாள் மாளிகாவத்தைக்கு டயலிசிஸுக்குத் தங்கச்சிதான் கூட்டிப் போகிறாள். அதனால் அவள் ஓகஸ்டில் சீமா என்கிற கணக்காளர் படிப்பின் கேஸ் ஸ்டடி சோதனையை எழுதவில்லை. ஒருவர் அப்பாவோடு நிற்கத்தானே வேண்டும்.
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, புள்ளிக் கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன வேலை. இப்போதைய ஜிமேட்டில் மூன்று பகுதிக்கும் ஒரே மதிப்பு. உங்களைக் கீழே இழுத்தது டேட்டா இன்சைட்ஸ். மற்ற இரண்டும் அப்படியே நிற்க, அதில் நாலு புள்ளி ஏறினாலே 645 பக்கம் போய்விடும், பழைய ஜிமேட்டில் 700 எடுத்தவர்கள் நின்ற இடம் அது. நாள் முழுக்க அட்டவணையோடு மாரடிக்கிற கணக்காளருக்கு அட்டவணை வாசிக்கிற பகுதியில் 75 என்றால், தெரியாமல் இல்லை, 45 நிமிஷத்தில் 20 கேள்வி என்கிற அவசரத்தில் தடுமாறியிருக்கிறீர்கள். எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பது உங்கள் தெரிவு. களைக்க முதல் இதைச் செய்யுங்கள். நேரம் வைத்துப் பழகுங்கள், கட்டிலில் படுத்துக்கொண்டு இடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எடுத்த 655 கணக்கில் இல்லை. திரும்ப எழுதுங்கள். சரி, அது முடிந்தது.

இனி அந்தத் 'தானே'. கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் எத்தனையோ கடிதம் பார்த்துவிட்டேன், மனிதர்கள் 'தானே' போடுகிற இடத்தில் எப்போதும் யாரோ ஒருவர் வாய் திறக்காமல் நிற்பார். இங்கே நிற்பது உங்கள் தங்கச்சி. அந்த 'ஒருவர்' அவள்தான் என்று யார் முடிவெடுத்தது? அவளிடம் கேட்டீர்களா, அல்லது நீங்கள் அறைக் கதவைச் சாத்தினீர்கள், அவள் விளங்கிக்கொண்டாளா?

உங்கள் சோதனை 16 நாள் கழித்தால் திரும்ப எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து தரம். அவளுடைய கேஸ் ஸ்டடி வருஷத்தில் நாலு தரம்தான் வரும்: பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மூன்று மாதம் இருக்க வேண்டும். நீங்களும் கணக்குப் படித்தவர், இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தள்ளிப்போட்டால் நட்டமில்லாத சோதனை உங்களுடையது, தள்ளிப்போட்டதோ அவளுடையது. இதில் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பிள்ளைகள் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வெளிநாடு போகக் கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. போங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் ஆம்பிளைப் பிள்ளைக்குப் படிப்பு, பொம்பிளைப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி என்று நம் வீடுகளில் ஒருவரும் வாயால் சொல்லாமலே நடக்கிற பங்கீடு இருக்கிறதே, அதை நான் ஒருநாளும் குடும்பக் கடமை என்று ஏற்கமாட்டேன். அப்பா இரண்டு பேருக்கும் அப்பா.

டயலிசிஸ் நடக்கும்போது சும்மா இருக்கிற நாலு மணித்தியாலத்தில் அவளும் படிக்கலாமே என்று நினைப்பீர்கள். ஒரு தரம் போய் இருந்து பாருங்கள். நடுவில் பிரஷர் இறங்கும், கால் பிடித்து இழுக்கும், தாகம் என்பார், ஆனால் கேட்கிற அளவு தண்ணீர் கொடுக்க முடியாது. முடிந்த பிறகு த்ரீவீலில் தோளில் சாய்ந்துகொண்டு வருவார். அன்றைக்கு இரவு எந்தக் கேஸ் ஸ்டடி தலைக்குள் போகும்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்றைக்கே அவளிடம் பேசி, பதிவு மூட முதல் நவம்பருக்குப் பதியச் சொல்லுங்கள், காசை நீங்கள் கட்டுங்கள். அவள் எழுதி முடிக்கும் வரை இரண்டு நாளும் அப்பாவோடு நீங்கள் போங்கள். உங்கள் ஜிமேட்டை டிசம்பரில் வையுங்கள், ஜனவரிக்குப் போதும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு நாள். சிங்கப்பூர் கிடைத்தால், நீங்கள் இல்லாத காலத்தில் அந்த ஒரு நாளுக்கு யார், செலவு யாருடையது என்பதை விமான டிக்கெட் எடுக்க முதல் மூன்று பேரும் இருந்து பேசுங்கள்.

ஒஃபிஸில் லீவு தரமாட்டார்கள் என்று மட்டும் எனக்குத் திரும்ப எழுதாதீர்கள். ஜிமேட்டுக்கு இரண்டு வாரம் தந்தார்கள்.