டிராக்குக்கு எந்த டயர்? முதலில் வெளி ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மூன்று முறை ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டேன். காருடன் வந்த டயர்கள் நான்கைந்து சுற்றுக்குப் பிறகு வழுக்கத் தொடங்குகின்றன. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. செமி ஸ்லிக் (பள்ளங்கள் குறைவான, மென்மையான டயர்) போடலாமா, நேராக ஸ்லிக்கே (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) வாங்கிவிடலாமா? டிராக்குக்குப் போவதும் வீடு திரும்புவதும் இதே டயரில்தான்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதே டயரில் வீடு திரும்ப வேண்டும் என்றால் ஸ்லிக் வேண்டாம். அது சாலைக்காகச் செய்யப்பட்ட டயரே அல்ல. நீரை வெளியேற்றப் பள்ளம் வெட்டிய பட்டனே இல்லாததால், தேங்கிய நீர்மேல் ஏறினால் கார் மிதக்கும். ஸ்லிக்கின் ரப்பர் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும்; சாதாரணச் சாலை வேகத்தில் அந்தச் சூடு வரவே வராது. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லிக் தரும் அதிகப் பிடிப்பு வீல் பேரிங்கையும் சஸ்பென்ஷனையும் சோதிக்கும். நீண்ட வளைவுகளில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை இழுக்கும் அபாயமும் உண்டு. அதற்கெல்லாம் தயார் செய்த காருக்குத்தான் ஸ்லிக்.

செமி ஸ்லிக்கைப் பற்றிப் பேசுமுன் அந்த மொட்டையான வெளி ஓரத்துக்கு வருவோம், ஏனென்றால் இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கினாலும் அதே இடத்தில் அதேபோல் கரையும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயரும் சேர்ந்து வெளியே சாய்கிறது, சுமை முழுவதும் அதன் வெளி ஓரத்தில் விழுகிறது. இதை ஈடுகட்டத்தான் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிச் சாய்த்து வைப்பது. சாலைக்கான கம்பெனி அமைப்பில் இது கொஞ்சமாகத்தான் இருக்கும். டிராக்கில் ஓடும் சாலைக் கார்களுக்கு முன்பக்கம் 2 முதல் 3 டிகிரி வரை வைப்பது வழக்கம். வீல் அலைன்மென்ட் செய்பவரிடம் உங்கள் காரில் எத்தனை டிகிரி வரை வைக்க முடியும் என்று கேளுங்கள். புது டயருக்கு முன்னால் இந்தச் செலவைச் செய்யுங்கள் என்பேன்.

காற்றழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். ஓட்டுமுன் டயரின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர்வரை சாக்பீஸால் கோடு போடுங்கள். பல டயர்களில் ஓரத்தருகே சின்ன முக்கோணக் குறி இருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது சாக்பீஸ் அந்தக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. குறிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம்.

சரி, நான்கைந்து சுற்றில் வழுக்குவது ஏன்? சூடுதான் காரணம். புதுச் சாலை டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். வளைவுக்கு வளைவு அந்த உயரமான பட்டன்கள் நெளிந்து நெளிந்து உள்ளுக்குள்ளேயே சூட்டை உண்டாக்குகின்றன. கூடவே காற்றழுத்தமும் ஏறுகிறது, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. காலையில் 32 வைத்துக்கொண்டு போனீர்கள், டயருக்குள் இருக்கும் காற்று 50 டிகிரி கூடுகிறது என்றால், அழுத்தம் 40 அளவுக்குப் போய்விடும். டயர் நடுவில் உப்பி, தரையில் படும் பரப்பு குறைகிறது. அதனால் டிராக்கில் பார்க்க வேண்டியது சூடான அழுத்தம். பிட்டுக்கு (டிராக் ஓரம் காரை நிறுத்தும் இடம்) வந்தவுடன், டயர் ஆறுமுன் அளந்து காற்றை இறக்குங்கள். டயர் கம்பெனி வேறு அளவு சொல்லாவிட்டால், சூட்டில் 32 முதல் 36 வரை என்பதில் தொடங்கலாம்.

இந்த இரண்டையும் சரிசெய்தாலே இப்போதைய டயர்கள் கூடுதல் சுற்றுகள் தாங்கும். அதற்கு மேலும் பிடிப்பு வேண்டும் என்றால்தான் புது டயர்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் டிரெட்வேர் எண்ணை, அதாவது தேய்மான எண்ணைப் பாருங்கள். பொதுவாக, எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 இரண்டும் 200. செமி ஸ்லிக்கான டோயோ ஆர்888ஆர் 100. இந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்வதால், ஒரே எண் கொண்ட இரண்டு டயர்கள் ஒரேமாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை 200 வகை. வீடு திரும்பும் வழியில் மழை வந்தால் நிதானமாக ஓட்டிச் சமாளிக்கலாம். 100 வகையில் தேங்கிய நீர் என்றாலே எனக்குப் பயம். 200 வகையிலும் கார் எடையைப் பாருங்கள். ஏ052 சீக்கிரம் சூடேறி ஓரிரு சுற்றுக்கு அபாரமாகப் பிடிக்கும், ஆனால் கனமான காரில் விடாமல் இருபது நிமிடம் ஓட்டினால் சோர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். உங்கள் சுற்று நேரம் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வினாடி மாறிக்கொண்டிருந்தால், இன்னும் சில நாட்கள் 300 வகையிலேயே ஓட்டுங்கள். அந்த டயர் கீச்சிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும், மெதுவாக நழுவும். மென்மையான டயர் அதிக வேகம்வரை சத்தமில்லாமல் தாங்கிவிட்டு, பிறகு சட்டென்று விடும்.

வாங்கும்போது அளவையும் சுமை எண்ணையும் கம்பெனி சொன்னதுக்குக் கீழே இறக்காதீர்கள். வேகக் குறியீடும் அப்படித்தான். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர், ஒய் என்றால் 300. தயாரிப்புத் தேதிக்கு நான்கு இலக்க எண் இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும். டிராக்கில் ஓடிய பழைய டயரும் அப்படித்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பட்டன் பாக்கி இருக்கும்போதே பிடிப்பு போயிருக்கும்.

மாலையில் கிளம்புமுன் இரண்டு வேலை. டயர் ஆறியதும் காற்றைச் சாலை அளவுக்கு மறுபடி ஏற்றுங்கள். சூட்டில் 34-க்கு இறக்கிய டயர், ஆறியபின் 26, 27-க்கு வந்து நிற்கும். அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து முன் டயர்களின் உள் ஓரத்தைப் பாருங்கள். கேம்பர் வைத்தபின் தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் அந்த டயரில் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.