கராராக் கல்லா, சிவகங்கைக் கிராஃபைட்டா: ஐசோடோப்பு கேள்வி-பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): முகப்பில் பதித்த வெள்ளைக் கல் இத்தாலியிலிருந்து வந்தது என்று ஐயா காலத்திலிருந்தே பேச்சு. சோதித்தால் தெரிந்துவிடுமா?

பதில்: கராரா இத்தாலியின் பேர்போன சலவைக்கல் குவாரி ஊர். "கராரா இல்லை" என்று அடித்துச் சொல்லலாம். "கராராதான்" என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சலவைக்கல் என்பது சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடிகமான சுண்ணாம்புக்கல். அதிலுள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் கனத்த வகைகளான (ஐசோடோப்புகள்) கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஆகியவற்றின் விகிதங்கள் குவாரிக்குக் குவாரி மாறும். கிரேக்கச் சலவைக்கற்களில் ஹார்மன் கிரெய்கும் வலேரி கிரெய்கும் இதை 1972-இல் காட்டினார்கள். கராரா வெள்ளை, விபிடிபி என்ற ஒப்பீட்டுத் தரத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவுகோலில், பெரும்பாலும் கார்பனில் ஆயிரத்துக்கு +2, ஆக்சிஜனில் −2 பக்கம் விழும். வேறு குவாரிக் கல்லும் அங்கேயே விழலாம். அதனால் படிக அளவையும் பாருங்கள்: கராராவில் பொதுவாக 1 மி.மீ.க்குள். அப்படியும் தீராவிட்டால் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு விகிதம்: கடல்நீரில் அது காலத்துக்குக் காலம் மாறியது. கராராவின் மூலச் சுண்ணாம்பு ஜுராசிக் கடலில் படிந்தது. ராஜஸ்தானின் மக்ரானா கல் அதைவிட மிகப் பழையது.

மாதிரி எடுக்கும்போதுதான் காரியம் கெடும். கண்ணில் படாத ஓரத்தில் பல் மருத்துவரின் டிரில்லால் துளையிட்டு, மேல் 2 மி.மீ. தூளைக் கொட்டிவிடுங்கள், மெழுகும் ஆசிட் கழுவிய தோலும் அதில்தான் இருக்கும். அடியில் வரும் சில மில்லிகிராம் தாராளம். கல் இணைப்பை நெருங்காதீர்கள். காற்றில் இறுகிய சுண்ணச்சாந்தின் கார்பன் −20 வரைகூட இறங்கும். துளி கலந்தாலும் எண் கோணிவிடும். பிற்பாடு மாற்றிய கல்லும் இருக்கும் என்பதால் மூன்று கல்லையாவது சோதியுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): ஆத்தங்குடி டைலுக்கும் இதே சோதனை செய்யலாமா?

பதில்: வேண்டாம். அது கண்ணாடிமேல் வார்த்த சிமென்ட், மணல், நிறப்பொடி. காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி (சிவகங்கை): எங்கள் பக்கத்துக் கிராஃபைட் பழைய உயிர்ப்பொருளா, பூமியின் ஆழத்திலிருந்து வந்த கார்பனா?

பதில்: கார்பன்-13 பதில் தரும், ஆனால் எந்தப் பாறையிலிருந்து எடுத்தீர்கள் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டாதீர்கள். உயிர்ப்பொருள் ஏறத்தாழ −25. மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் கார்பன் −5, −6 அளவு. பக்கத்தில் கால்சைட் (சலவைக்கல்லின் கார்பனேட் கனிமம்) இருந்தால் பெருஞ்சூட்டில் இரண்டும் கார்பனைப் பரிமாறிக்கொள்ளும். 800 டிகிரியில் இடைவெளி ஆயிரத்துக்கு மூன்று, நான்காகச் சுருங்கிவிடும். ஆகவே சலவைக்கல்லுக்குள் கிடக்கும் கிராஃபைட் −4 காட்டினாலும் அது ஆழத்துக் கார்பன் என்று முடிவுகட்ட முடியாது. கார்பனேட் இல்லாத நைஸ் பாறையிலிருந்து (பட்டைபட்டையாகத் தெரியும் உருமாறிய பாறை) தனியாக எடுங்கள். −10 முதல் −15 வரை வந்தால் கலப்பா, பரிமாற்றமா என்று அந்த எண்ணால் மட்டும் பிரிக்க முடியாது.

தூளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கார்பனேட்டைப் போக்கி, அமிலம் போகக் கழுவி உலர்த்துங்கள். கிராஃபைட் லேசில் எரியாது. பாதி எரிந்தால் விகிதமே தப்பாகும். அதிக ஆக்சிஜனும் வெனேடியம் பென்டாக்சைடும் சேர்ப்பது வழக்கம். சுத்தமான செதிலில் கார்பன் சதவீதம் குறைந்து வந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி, முதுகலை மாணவர்): மதுரைப் பகுதிக் குவார்ட்சைட்டில் (மணற்கல் உருமாறிய பாறை) 60 சிர்கான் மணிகளுக்கு (யுரேனியம் கொண்ட சிறு கனிமம்) யுரேனியம்-ஈய வயது எடுத்தேன். இளையது 55 கோடி ஆண்டு. மணல் படிந்த காலம் அதுதானே?

பதில்: அநேகமாக இல்லை. அந்த வட்டாரம் கடுஞ்சூட்டில் உருமாறியதே ஏறக்குறைய அப்போதுதான். நீங்கள் அளந்தது மணியின் மேல் பிற்பாடு வளர்ந்த விளிம்பாக இருக்கலாம். லேசர் வைப்பதற்கு முன்னால் கேத்தோடோ ஒளிர்வுப் படம் (எலெக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிரும் படம்) எடுங்கள்: நடுக்கரு வரிவரியாகத் தெரியும், விளிம்பு மங்கலாகவோ ஒரே சீராகவோ இருக்கும். 30 மைக்ரான் புள்ளி இரண்டையும் மிதித்தால் இரண்டுக்கும் நடுவே, எதையும் குறிக்காத வயதுதான் வரும். தோரியம்-யுரேனிய விகிதம் 0.1க்குக் கீழே போவது உருமாற்றத்தின் அடையாளம். கிரானுலைட்டில் (மிகக் கடுஞ்சூட்டில் உருமாறிய பாறை) மட்டும் இந்த விதி அடிக்கடி பொய்க்கும். மிக இளைய நடுக்கருவின் வயது படிவுக்கு மேல் எல்லை, படிவு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது; விளிம்பின் வயது கீழ் எல்லை, அதைவிட இளையதாக இருக்க முடியாது. மணல் இடைப்பட்ட காலத்தில் படிந்தது. அறுபதும் போதாது: 5 சதவீதப் பங்குள்ள எந்த மூலமும் தவறாதிருக்க, 95 சதவீத உறுதியோடு, 117 மணிகள் வேண்டும்.