மச்சான் ஏமாத்தினா அது ட்ராஜெடி ஆகுமா?

கேள்வி: ஒரு குறுநாவல் எழுதிட்டு இருக்கேன். ஹீரோ தஞ்சாவூர் பக்கம் ரைஸ் மில் ஓனர், ரொம்ப நல்லவர், ஊருக்கே அள்ளிக் கொடுத்தவர். மச்சான் ஏமாத்தி சொத்தை எழுதி வாங்கிடறான், மில் போயிடுது, கடைசியில லாரி மோதி செத்துடறார். படிச்ச நாலு பேரும் "பாவம்ங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. ட்ராஜிக் ஹீரோன்னா எப்படி இருக்கணும், அவன் வாழ்க்கை தலைகீழா புரள்ற இடத்தை எங்க வைக்கறது?

பதில்: கோச்சுக்காதீங்க, உங்க ஓனர் இந்தக் கதையில என்னதான் பண்றார்? மச்சான் பண்றான், லாரிக்காரன் பண்றான், இவர் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிக்கறார். அவர் கையால ஒண்ணுமே நடக்கல. அதான் டீ குடிக்கப் போயிட்டாங்க.

இந்த நோய்க்கு மருந்து 2300 வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்க தத்துவஞானி அரிஸ்டாட்டில் எழுதி வச்சுட்டார். அப்பழுக்கில்லாத நல்லவன் சும்மா அடி வாங்கினா பார்க்கறவனுக்கு இரக்கமோ பயமோ வராது, "சே என்னடா இது"ன்னு ஒரு கசப்புதான் வரும்ங்கறார். படு கெட்டவன் விழுந்தா நமக்கு திருப்தி, அவ்வளவுதான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒருத்தன், நம்மள மாதிரி ஒருத்தன், ஒரு ஹமார்த்தியாவால, அதாவது தானே பண்ற ஒரு பிழையால விழும்போதுதான் நெஞ்சு அடிச்சுக்கும்.

இந்த ஹமார்த்தியாவை நம்ம காலேஜ் நோட்ஸ்ல எல்லாம் "குணக்கேடு"ன்னு போட்டு பசங்கள மனப்பாடம் பண்ண வச்சுட்டாங்க, அதனால எழுதறவங்களும் ஹீரோவுக்கு கோபம், கர்வம், குடின்னு ஏதாவது ஒரு கெட்ட குணத்தை ஒட்ட வைக்கறாங்க. கிரேக்கத்துல அந்தச் சொல்லுக்கு அடியில இருக்கற அர்த்தம் குறி தப்பறது, ஈட்டி எறிஞ்சு இலக்குல படாமப் போறது. எறிஞ்சவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா எறிஞ்சது அவன் கை.

இதுக்கு நான் எப்பவும் காட்டற ஆள் கோவலன் கிடையாது, பாண்டியன் நெடுஞ்செழியன். சிலப்பதிகாரத்துல அவனுக்கு ரொம்பக் கொஞ்ச இடம்தான், ஆனா தமிழ்ல இவ்வளவு கச்சிதமா விழுந்த இன்னொருத்தனை நான் பார்த்ததில்ல. அன்னிக்கு அரசி ஊடல்ல இருக்கா, ஆடற பொண்ணுங்க மேல ராஜா மனசு போயிடுச்சுன்னு, தலைவலின்னு சாக்கு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. இவன் சமாதானம் பண்ண அவசரமா போய்க்கிட்டு இருக்கான். வழியில பொற்கொல்லன் கால்ல விழுந்து, சிலம்பு திருடினவன் என் குடிசையில இருக்கான்ங்கறான் (திருடினதே அவன்தான், அது நமக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாது). உடனே காவலரைக் கூப்பிட்டு, தேவியோட சிலம்பு அந்தக் கள்வன் கையில இருந்தா "கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடறான். விசாரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லல. இளங்கோ இங்க "தேரான் ஆகி"ன்னு ரெண்டே சொல்லுல முடிச்சுட்டார், ஆராயாதவனாகின்னு. கொடுங்கோலன்னு திட்டல. பொண்டாட்டி கோபமா இருக்கான்னு அவசரத்துல ஒருத்தன் பாதி காதுல கேட்டு பதில் சொல்லிட்டான். நீங்களும் நானும் தினம் பண்றதுதான், என்ன, நம்ம வார்த்தைக்கு யாரும் வாளைத் தூக்கறதில்ல.

இனிமேதான் நீங்க கேட்ட புரள்ற இடம், பெரிபெட்டியான்னு சொல்றது. இதை ட்விஸ்ட்டோட குழப்பிக்காதீங்க, ட்விஸ்ட் வாசகனுக்கு அதிர்ச்சி, இது ஹீரோவுக்கு அதிர்ச்சி. நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, தெரிஞ்சா இன்னும் நல்லாவே வலிக்கும். ஒரு காரியத்தை ஒண்ணு நினைச்சு செய்ய, அதே காரியம் நேர் எதிரா திரும்பி நிக்கணும். அரிஸ்டாட்டில் இதுக்கு கிரேக்க நாடகக்காரர் சோஃபக்ளீஸோட ஈடிபஸ் ராஜா கதையைத்தான் எடுத்துக்கறார். கொரிந்த்ல இருந்து ஒரு தூதன் வந்து உங்க அப்பா பொலிபஸ் இயற்கையா செத்துட்டார்ங்கறான், அப்பாவைக் கொல்லுவேன்னு குறி சொல்லியிருந்தாங்க, அதனால ஈடிபஸுக்கு பாதி நிம்மதி, ஆனா அம்மாவைக் கல்யாணம் பண்ணுவேன்னும் சொன்னாங்களே, அந்தப் பயம் இன்னும் இருக்கு. பாவம் அந்தக் கிழவன் ஆறுதலா "அட, அவங்க உன்னைப் பெத்தவங்களே இல்லப்பா, நான்தான் குழந்தையா உன்னைக் கொண்டுபோய் கொடுத்தேன்"னு சொல்றான். பயத்தைப் போக்க வந்த வார்த்தைதான் எல்லாத்தையும் போட்டு உடைக்குது. பொண்டாட்டி யோகாஸ்தாவுக்கு (நிஜத்துல பெத்த அம்மாவே அவதான்) அங்கயே புரிஞ்சிடுது, மேல தோண்டாதேன்னு கெஞ்சறா, இவன் கேக்கல.

இப்போ பாண்டியன் சபைக்கு வாங்க. கண்ணகி "தேரா மன்னா"ன்னு ஆரம்பிக்கறா. அவன் அவளைத் துரத்தல, யாரும்மா நீன்னு கேக்கறான், கள்வனைக் கொல்றது கொடுங்கோல் இல்லம்மான்னு நியாயம் பேசறான். என் சிலம்புக்குள்ள மாணிக்கம்னு அவ சொன்னதும் எங்களுது முத்துன்னு இவன் வாயாலயே சொல்லி, சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி இவனே அவ முன்னாடி வைக்கறான். கவனிச்சீங்களா? அன்னிக்குப் பண்ணாத விசாரணையை இன்னிக்கு ஒழுங்கா பண்றான், அந்த நல்ல காரியம்தான் அவனைக் கொல்லுது. உடைச்சா மாணிக்கம் தெறிச்சு அவன் வாய்கிட்டயே வந்து விழுது. எந்த வாய் கொல்லுன்னு சொல்லுச்சோ அந்த வாய்.

அடுத்த நொடி அறிதல், அனக்னோரிசிஸ், உண்மை ஹீரோவுக்கே விளங்கற கணம். "யானோ அரசன் யானே கள்வன்." பொற்கொல்லனைப் பிடிங்கடான்னு அவன் கத்தல பாருங்க, கத்தியிருந்தா அது உங்க மச்சான் கதை ஆகியிருக்கும். "கெடுகவென் ஆயுள்"னு சொல்லி அங்கயே விழறான். புரள்றதும் அறியறதும் ஒரே மூச்சுல வந்தாத்தான் உசத்தின்னு அரிஸ்டாட்டில் சொன்னது, இதைப் படிச்சே இருக்காத மனுஷன் சொன்னது, இதுக்கே எழுதின மாதிரி இருக்கு.

கர்ணன் ட்ராஜிக் ஹீரோ இல்லையான்னு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. ஆளு அதேதான், ஆனா அமைப்பு வேற. அவனுக்கு உண்மை போருக்கு முன்னாடியே கிருஷ்ணன் வாயாலயும் குந்தி வாயாலயும் தெரிஞ்சிடுது, தெரிஞ்சே துரியோதனன் பக்கம் நிக்கறான். நீங்க அந்த ரூட்ல போகாதீங்க, அதுக்கு ஒரு பாரதமே வேணும்.

மில் ஓனரெல்லாம் ட்ராஜிக் ஹீரோ ஆக முடியுமான்னு சந்தேகம் வேண்டாம், சாமானியனுக்கும் ட்ராஜெடி உண்டுன்னு அமெரிக்க நாடகக்காரர் ஆர்தர் மில்லர் 1949லயே வாதாடியாச்சு. விழறதுக்கு ஒரு உயரம் இருந்தாப் போதும், ஊர்ல அவர் வார்த்தைக்கு இருக்கற மரியாதையே உங்களுக்கு அந்த உயரம்.

சரி, ரிப்பேர். ஸ்டாக்ல மூட்டை குறையுது. முப்பது வருஷமா இருக்கற கணக்குப்பிள்ளை மேல மச்சான் கை காட்டறான். வீட்ல மகள் கல்யாண அவசரம், பத்திரிகை வைக்கக் கிளம்பிட்டு இருக்கார், செருப்பை மாட்டிக்கிட்டே "அவரை நாளைல இருந்து வர வேணாம்னு சொல்லிடு"ங்கறார். அவ்வளவுதான், இதை அரை பக்கத்துக்கு மேல எழுதாதீங்க, சாதாரணமா கடந்து போகணும். கணக்குப்பிள்ளை செத்துப்போன அப்புறம் அவர் சம்சாரம் மில் வாசல்ல வந்து நிக்கறாங்க. இவர் நல்லவர், அதனால பழைய பேரேட்டை எல்லாம் எடுத்துட்டு வாங்க, ஊர் முன்னாடி பார்த்துடலாம்ங்கறார். ஆடிட்டரை வரவழைக்கறதும் இவரே. பேரேட்டைப் புரட்டினா, குறைஞ்ச ஒவ்வொரு மூட்டைக்கும் கீழ மச்சான் நீட்டின பேப்பர்ல படிக்காமப் போட்ட இவர் கையெழுத்தே இருக்கு. (ஆமா, இது பாண்டியன் கதைதான், மாவு பழசு இட்லி புதுசு, திட்டாதீங்க.)

மச்சான் மேல கோபம் வரட்டும், ஆனா அந்த அத்தியாயத்துல அவனை மேடை ஏத்தாதீங்க. அந்த அம்மா முகத்தைப் பார்த்து ஓனர் என்ன சொல்றார்ங்கறதுதான் உங்க நாவல், ரெண்டு வரிக்கு மேல பேச விடாதீங்க. அந்த லாரியை ஷெட்டுக்கு அனுப்பிடுங்க. அவர் சாகணும்னு கூட கட்டாயம் இல்ல, ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கிட்டு உயிரோடதான் வெளிய வந்தான்.