மூடுபனி ஏன் சாம்பலாக விழுகிறது?

போடிமெட்டில் விடிகாலை மூடுபனி அழுக்கு வேட்டி நிறத்தில் வருது, ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) ஏத்தியும் மாறல, கேமரா பழுதான்னு கேட்டிருந்தீங்க. பழுதெல்லாம் இல்லைங்க. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல்னு கணக்குப் போடுறது கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டரோட குணம். வெள்ளைப் பனியையும் அந்த அளவுக்கு இருட்டாக்கிடும். ஐஎஸ்ஓ ஏத்தினா ஷட்டர்தான் வேகமாகும், படத்தில் வெளிச்சம் அதிகமாகாது.

டயலை ‘ஏ’ அல்லது ‘ஏவி’க்கு (லென்ஸ் திறப்பை நீங்க வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்குற மோடு) திருப்பி, படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற +/- பட்டன்ல +1 வைங்க. ஸ்க்ரீனை நம்பாதீங்க, விடியல் இருட்டில் எல்லாப் படமும் பளிச்சுன்னுதான் தெரியும். படத்துல இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமா காட்டுற வரைபடம்தான் ஹிஸ்டோகிராம்; அதோட மேடு வலப்பக்கம் சாயணும், ஓரத்துல முட்டக்கூடாது.

பூப்பாறைப் பக்கம் இறங்கி ஏலத்தோட்ட நிழலுக்குள்ள போனதும் மறக்காம -0.7க்கு மாத்திடுங்க. +1 அப்படியே நின்னா இலைக்கு நடுவுல விழுற வெயில் பொட்டெல்லாம் வெளுத்துப் போயிடும்.