காரணத்தை மேற்கோள் காட்ட முடியாது

அன்புள்ள ஐயா,

ஓர் அமெரிக்க நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஹி வாஸ் சைட்டட் ஃபார் ஸ்பீடிங்' என்று ஒரு வரி. அகராதியில் 'மேற்கோள் காட்டு' என்று பார்த்துவிட்டு, 'வேகத்துக்காக அவன் மேற்கோள் காட்டப்பட்டான்' என்று எழுதிவிட்டேன். உறுத்துகிறது. சைட் (cite) என்ற வினைச்சொல்லுக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் உண்டா? சைட், க்வோட் (quote) இரண்டும் ஒன்றுதானா? நம்முடைய 'சுட்டு'தான் அங்கே போய் சைட் ஆயிற்று என்கிறார் ஒரு நண்பர். சரியா?

க.

அன்புள்ள க.,

சுட்டு விஷயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சைட்டின் மூலம் லத்தீன் 'கிதாரே'. அசைத்து எழுப்பு, அழை என்று பொருள். எக்ஸைட், இன்சைட் (தூண்டு), ரிசைட் எல்லாம் அந்த வேரில் வந்தவை. ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடுவது மொழிபெயர்ப்பவருக்கு ஆகாத பழக்கம்.

ஆனால் உறுத்தியது என்றீர்களே, அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். அகராதி கைவிடும் இடத்தில் அதுதான் துணைக்கு வரும்.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இந்தச் சொல்லுக்கு 'நீதிமன்றத்துக்கு அழை' என்றே பொருள். ஸ்காட்லாந்தில் சாட்சிகளையும் நடுவர் குழுவினரையும் அழைக்கும் ஓலைக்கு இன்றைக்கும் சைட்டேஷன் என்றே பெயர். உங்கள் நாவலின் வரியும் இந்தப் பழைய பொருளைச் சேர்ந்ததுதான். அமெரிக்கப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி எழுதிக் கொடுக்கும் சீட்டு சைட்டேஷன். பேச்சில் 'டிக்கெட்' என்பார்கள். சைட்டட் என்பது காவல்துறையும் பத்திரிகையும் எழுதும் சொல். பல மாநிலங்களில் அதில் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. குறித்த நாளுக்குள் பணம் கட்டுவேன், இல்லையென்றால் நீதிமன்றத்துக்கு வருவேன் என்ற உறுதி மட்டுமே. ஆகவே 'அபராதம் விதிக்கப்பட்டது' என்று முடித்துவிடாதீர்கள், அவன் இன்னும் வழக்காடலாம். 'கைது' என்று எழுதினால் கதையே மாறிவிடும். 'வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் சீட்டு எழுதிக் கொடுத்தது' போதும்.

வீரச்செயலுக்காக ஒரு சிப்பாய் 'சைட்டட்' என்று வந்தால் பாராட்டுக்குறிப்பில் பெயர் இடம்பெற்றது என்று பொருள். நோபல் பரிசோடு வரும் ஒருவரிக் காரணமும் சைட்டேஷன்தான். 1921ஆம் ஆண்டுக்கான இயற்பியல் பரிசில் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய வரியில் ஒளிமின் விளைவு இருக்கிறது, சார்பியல் இல்லை.

நான் சில காலமாகவே மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. 'சொந்தக் காரணங்களை மேற்கோள் காட்டிப் பதவி விலகினார்.' இந்த வாக்கியம் இல்லாமல் தமிழில் ஒரு ராஜினாமாச் செய்தி வர மாட்டேன் என்கிறது. காரணத்தை எப்படி மேற்கோள் காட்டுவது? மேற்கோள் என்றால் இன்னொருவர் சொல்லையோ எழுத்தையோ எடுத்துவைப்பது. முதுகுவலி யார் எழுதிய நூல்? 'சைட்டிங் பெர்சனல் ரீசன்ஸ்' என்பதை அகராதியின் முதல் வரியோடு ஒட்டவைத்து அனுப்பிவிடுகிறார்கள். படித்தவர்கள் செய்யும் சோம்பேறித்தனம் இது. எனக்குக் கோபம் வருகிறது.

இதைத் திருத்தப் போகிறவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள் என்பதால் கவனமாகக் கேளுங்கள். 'உடல்நலக் குறைவால் பதவி விலகினார்' என்று எழுதினால் வாக்கியம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செய்தி தவறு. 'ஆல்' என்ற உருபு வந்ததும், காரணம் அதுதான் என்று நிருபரே சாட்சி சொல்கிறார். ஆங்கில நிருபர் சைட்டிங் என்று போட்டதே அந்தச் சாட்சியத்திலிருந்து விலகி நிற்கத்தான். பதவி விலகியவர் சொன்ன காரணம் அது. உண்மையா என்று நிருபருக்குத் தெரியாது. அந்த இடைவெளி தமிழிலும் இருந்தாக வேண்டும். 'உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறிப் பதவி விலகினார்.' இந்தக் 'கூறி'யை எடுத்துவிட்டால் ஒருவர் சொன்ன சாக்கு ஊரறிந்த உண்மையாகிவிடும்.

செய்தி நிறுவனங்களின் வாக்கியத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பு. 'அதிகாரிகள் இருவரை சைட் செய்து ராய்ட்டர்ஸ் சொல்கிறது' என்றால் அங்கே இரண்டு கைகள் மாறியிருக்கின்றன. அதிகாரிகள் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள், ராய்ட்டர்ஸ் நமக்குச் சொல்கிறது. 'அதிகாரிகள் இருவர் தெரிவித்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி கூறுகிறது' என்று எழுதினால் இரண்டு கண்ணியும் இருக்கும். இடம் போதவில்லை என்று ராய்ட்டர்ஸை வெட்டினால், அதிகாரிகள் நம் பத்திரிகையிடமே பேசினார்கள் என்று ஆகிவிடும். அதிகாரிகளை வெட்டினால், ராய்ட்டர்ஸே கண்ணால் கண்டதாக ஆகிவிடும்.

இதற்கெல்லாம் தமிழில் சொல் இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்து 'முப்பஃது' என்று சொல்லிவிட்டு 'என்ப' என்று சேர்த்துக்கொள்கிறது. முப்பது என்று சொல்லுவர். யார் பொறுப்பு என்பதை ஒரு வினைமுற்று ஏற்றுக்கொள்கிறது. 'என்று', 'என', 'என்பதாக', 'ஆம்' என்று நம்மிடம் இருக்கும் பிற்சேர்க்கைகளை ஆங்கிலக்காரர்கள் பார்த்தால் ஏங்குவார்கள். நாம் அவற்றைப் பரணில் போட்டுவிட்டு மேற்கோளைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே சொல் கேட்டிருந்தீர்கள். இல்லை, தேடவும் வேண்டாம். சீட்டு, பாராட்டு, காரணம், சான்று, ஆதாரம் என்று இடம் பார்த்துப் போடுங்கள்.

க்வோட் வேறு, சைட் வேறு. க்வோட் செய்தால் சொல் மாறாமல் உள்ளே வர வேண்டும், மேற்கோள்குறி வேண்டும். சைட் செய்ய மூலத்தின் ஒரு சொல்கூட வர வேண்டியதில்லை. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று காட்டினால் முடிந்தது. வரியை எடுத்துப் போட்டு எங்கிருந்து என்று சொல்லாதவர் க்வோட் செய்திருக்கிறார், சைட் செய்யவில்லை. நீங்கள் ஆங்கிலத்திலும் எழுதுவதுண்டென்றால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'ஹி சைட்டட் தட்' என்று வாக்கியத்தைத் தொங்கவிடக் கூடாது. அந்த வினைக்குப் பின் நேராக ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும், தேவைப்பட்டால் 'ஆஸ்' சேர்த்து, எதுவாகக் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும்.

நாவலில் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். கைப்பிரதி முழுவதிலும் 'மேற்கோள் காட்டி' என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் யாருடைய சொல் மேற்கோளாக வந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத இடங்களைத் திருத்திவிட்டுப் பதிப்பாளரிடம் கொடுங்கள்.