“நான் சொல்லலைம்மா, உனக்குத் தோணுனா பாரு!”

கேள்வி: மதுரை மாநகரில் ஒரு காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். நான் எஸ்.ஐ.யாகச் சேர்ந்த காலத்தில் டி.எஸ்.பி.யாக இருந்தவர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இப்போது பதவி உயர்ந்து, சட்டம் ஒழுங்கு இல்லாத வேறொரு பிரிவில் அலுவலகப் பணியில் இருக்கிறார். அடிக்கடி போன் செய்து, ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று கேட்பார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லிவிட்டு, “நான் சொல்லலைம்மா, உனக்குத் தோணுனா பாரு” என்று முடிப்பார். சில நாள் மாலையில் நேரிலேயே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து மனுதாரர்களை விசாரிக்கிறார். போன சித்திரைத் திருவிழாவில் என் எஸ்.ஐ. கையிலிருந்த மைக்கை (வயர்லெஸ் கருவியை) வாங்கி, ஏ.வி. பாலத்துப் பக்கம் பேரிகேடைத் திறக்கச் சொல்லிவிட்டார். கூட்டம் ஒரேயடியாக உள்ளே தள்ளியது. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. “யார் திறந்தது?” என்று ஏ.சி. (உதவி ஆணையர்) மைக்கில் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இப்போது ஒரு நில மனுவில், ஒரு தரப்பு தனக்கு வேண்டியவர்கள், பேசி முடித்துவிடு என்கிறார். மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ? – பெயர் வேண்டாம், மதுரை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நன்றியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த மைக் விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை உலுக்கியது அதுதான். கொரோனாவால் இரண்டு வருடம் நின்றுபோய், 2022-இல் மறுபடி திருவிழா நடந்தபோது, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் சிக்கி 2 பேர் இறந்தார்கள். மதுரையில் காக்கி உடுத்திய யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கோரிப்பாளையம் பக்கமிருந்து வருகிற கூட்டத்துக்கு, ஆழ்வார்புரம் கரையில் ஏற்கெனவே நிற்கிற கூட்டம் தெரியாது. பேரிகேடில் நிற்கிற எஸ்.ஐ.க்கும் தெரியாது. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் கன்ட்ரோல் ரூமில்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து வராத ஒரு உத்தரவு, எவ்வளவு அனுபவசாலி வாயிலிருந்து வந்தாலும் ஆபத்துதான்.

அய்யா கெட்ட எண்ணத்தில் அதைச் செய்திருக்க மாட்டார். பல வருடத்துக்கு முன் அதே இடத்தில் நின்று அதே பேரிகேடைத் திறந்து கூட்டத்தை அழகாக வடியவிட்டிருப்பார். கை அந்தப் பழக்கத்தில் மைக்கைத் தேடிப் போயிருக்கிறது. இதை நான் சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலும் காக்கி உடுத்தியவர்கள் உண்டு. சட்டம் ஒழுங்கிலிருந்து நாற்காலி வேலைக்கு மாற்றிப் போட்டால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடிக்காது. காலையில் எழுந்ததும் கை தானாக செல்போனை எடுக்கும், அதில் ஒன்றும் இருக்காது. பத்து மணிக்குப் போய் 5.45-க்கு வீடு திரும்பும் வாழ்க்கை மற்றவர்களுக்கு வரம். முப்பது வருடம் மைக் இரைச்சலுக்கு நடுவில் சோறு தின்றவருக்கு அந்த அமைதி தாங்காது. பேசுகிற கதையெல்லாம் பழசாகிவிடும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக பிள்ளைகள் தமுக்கத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தது, செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நின்றது, அக்டோபர் 30-இல் பசும்பொன்னுக்குப் போகிற வண்டிகளை ஊருக்குள் உரசல் இல்லாமல் அனுப்பியது. வீட்டில் எல்லோரும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். அந்தக் கதையை மதித்துக் கேட்கிற ஆள் இப்போது நீங்கள்தான். அதனால்தான் உங்களைத் தேடி வருகிறார். உண்மையான பாசமும் அதில் இருக்கிறது, அதை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் பாசத்துக்குள்ளேயே இன்னொன்றும் நாசூக்காக நடக்கிறது தங்கச்சி. “நான் சொல்லலைம்மா” என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்லபடியாக முடிந்தால் அவர் பேச்சைக் கேட்டதால் முடிந்தது. கெட்டதாகப் போனால் அவர்தான் சொல்லவே இல்லையே! செல்வாக்கு அவரிடம், பொறுப்பு உங்களிடம். மனுதாரர்கள் பார்க்க உங்கள் நாற்காலியில் உட்காருவதும் அப்படித்தான். அந்த நாற்காலிக்கு எதிரே நீங்கள் நிற்பதை உங்கள் சிறப்பு எஸ்.ஐ.யும் ஸ்டேஷன் ரைட்டரும் தினம் பார்க்கிறார்கள். ஒரு பெண் இன்ஸ்பெக்டரின் பேச்சுக்கு மரியாதை வாங்குவதே பாடு என்கிற இடத்தில், அது எவ்வளவு அரிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளைக்கு உங்களிடம் கேட்க வேண்டியதை அவர்கள் அய்யாவிடம் கேட்பார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு மேலே உள்ள அதிகாரிகள் அதே அதிகாரத்தைச் செலுத்தலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 30-ஆவது பிரிவு. அதில் ஒரு வரம்பு உண்டு: அவர்கள் நியமிக்கப்பட்டிருக்கிற பகுதிக்குள் மட்டும். அய்யா தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், உங்கள் எல்லையில் அவருக்கு இன்று அந்த நியமனம் இல்லை. ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜெனரல் டைரியில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும். விசாரணை என்று வந்தால் “அய்யா போனில் சொன்னார்” என்று எழுத அதில் இடம் கிடையாது.

சரி, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பிரிவு எண்ணைச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள், அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். அடுத்த முறை வழக்கு, மனு என்று பேச்செடுத்தால், “அய்யா, ஏ.சி. அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் சொன்னா உடனே செஞ்சிடறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் இதே வார்த்தை, இதே குரல். உங்கள் ஏ.சி. பதவியில் அவருக்குக் கீழே என்பதால் அவரிடம் கேட்பது அய்யாவுக்குக் கூச்சமாக இருக்கும், அதிலேயே பாதி நின்றுவிடும். கேட்டே விட்டார் என்றாலும் பரவாயில்லை. அப்போது அது ஏ.சி.யின் முடிவு, அவர் பெயரில் வரும்.

அதற்கு முன்னால் ஏ.சி.யை நேரில் பாருங்கள். புகாராக வேண்டாம். திருவிழா அன்று பேரிகேட் எப்படித் திறந்தது என்பதை நடந்தது நடந்தபடி சொல்லிவிடுங்கள். இவ்வளவு நாள் கழித்துச் சொல்வதற்குத் திட்டு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் வாய் வழியாக அது அவர் காதுக்குப் போவதை விட இது எவ்வளவோ மேல். உங்கள் ஸ்டேஷனிலும் ரோல்காலில் (வருகைப் பதிவுக்குக் காவலர்கள் கூடும்போது) பொதுவாகச் சொல்லுங்கள்: யார் போன் செய்து எதைக் கேட்டாலும், என்னைக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது, மைக்கை யார் கையிலும் கொடுக்கக்கூடாது. பெயர் சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் புரியும்.

நாற்காலி விஷயத்தில் சின்ன ஏற்பாடு போதும். அய்யா வந்தால் வாசலுக்கே போய் வரவேற்று, மனுதாரர்கள் இல்லாத வேறு அறையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுங்கள். நீங்களும் எதிரில் உட்காருங்கள். இன்னும் நல்லது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீருடை இல்லாமல் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அடுத்த சித்திரைக்கு முன்னால் ஒரு பெரிய தாளை விரித்து வைத்து, எந்தச் சந்திலிருந்து எந்த நேரத்தில் கூட்டம் வரும், ராத்திரி எங்கே படுத்துத் தூங்குவார்கள், விடிகாலையில் எங்கே முட்டும் என்று அவரையே வரையச் சொல்லுங்கள். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் முழுசாக இருக்காது. அதை ஏ.சி.யிடம், அய்யா பெயரைச் சொல்லியே கொடுங்கள். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. அய்யா கற்றுக்கொடுத்ததற்கு நீங்கள் பட்ட கடன் இப்படித்தான் அடையும். மைக்கைக் கொடுத்து அடைக்கிற கடன் இல்லை அது.

60 வயதில் அவருக்கும் ஓய்வு வந்துவிடும். அதற்குப் பிறகும் வீடு தேடிப் போகிற சிஷ்யை ஒருத்தி இருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய பலம். நீங்கள் அவரால் வம்பில் மாட்டிக்கொண்டால் அந்த உறவு மிஞ்சாது.

கடைசியாக அந்த நில மனு. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மனு கொடுத்தவருக்கு நாளைக்கே சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கொடுங்கள். வெறும் சொத்துத் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி அனுப்புங்கள், ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேச வேண்டாம். அத்துமீறி நுழைவது மாதிரி பிடியாணையின்றிக் கைது செய்யும் குற்றம் அதில் இருந்தால் வழக்குப் பதியத்தான் வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவு வரை உள்ள குற்றம் என்றால், ஏ.சி.யின் அனுமதி வாங்கி 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எதுவானாலும், செய்து முடித்த அன்றே நீங்களே அய்யாவுக்கு போன் போட்டு, “ரசீது கொடுத்தாச்சுங்கய்யா, சட்டப்படி போகுது” என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தரப்பு ஆட்கள் போய்ச் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம்.